வடக்குச் சுவர் எழும்பிய மூன்று நாட்கள்

எங்கள் வீட்டின் வடக்குச் சுவர் பூசி முடித்து ஐந்தாவது மாதமே உரியத் தொடங்கியது. முதலில் வெள்ளையாய்ப் பூத்தது. துணியால் துடைத்தால் போகும், விடிந்து பார்த்தால் திரும்பவும் பூத்திருக்கும். பிறகு பூச்சு கொப்பளித்தது. செப்டெம்பரில் ஜன்னலுக்கு மேலே குறுக்காகப் போகும் கொங்கிரீற்றில் மயிரளவு வெடிப்பு விழுந்து, அதிலிருந்து பழுப்பாய்க் கறை வடிந்தது. உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று அர்த்தம். துருப்பிடித்த கம்பி வீங்கும், வீங்கினால் கொங்கிரீற்றைப் பிளக்கும். யாழ்ப்பாணத்தில் நான்கு வருடம் இரசாயனம் படித்து நான் கொண்டுவந்த அறிவில் எங்கள் கடற்கரைக் கிராமமான கீரியில் உதவியது இந்த ஒன்றுதான். வேலை இன்னும் கிடைக்கவில்லை.

அந்த ஜன்னலுக்குக் கீழேதான் அம்மாவும் அப்பாவும் படுப்பார்கள். கூரையின் வடக்குப் பாதி முழுவதும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. நவம்பரில் வாடைக்காற்று தொடங்கினால் கடலிலிருந்து நேரே வந்து அதில்தான் அறையும். அதற்கு முன் சுவர் சரியாக வேண்டும். இல்லையென்றால் திரும்பவும் தகரக் கொட்டில். சண்டைக்குப் பயந்து வெள்ளாங்குளத்திலிருந்து ஓடத் தொடங்கிய நாளிலிருந்து இந்த வீட்டுக்கு வரும்வரை ஏழு கூரைகளுக்குக் கீழே நாங்கள் படுத்திருக்கிறோம். ஒன்றுகூட எங்களுடையதல்ல. எட்டாவதாய்க் கிடைத்த ஒன்றையும் விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை.

கட்டியவர் சனூன் மேசன், தாராபுரத்துக்காரர். வயது முப்பதுதான் இருக்கும். சிறுவயதில் மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு புத்தளத்துக்குத் துரத்தப்பட்டு, அங்கே தொழில் பழகி, சண்டை முடிந்தபின் திரும்பி வந்தவர். வீட்டுத்திட்டத்தில் எங்கள் பக்கத்தில் பல வீடுகள் அவர் கட்டியவை. நான் எடுத்த ஒவ்வொரு ரெலிபோனுக்கும் அவரிடம் ஒரே பதில்: நாளைக்கு வாறன் தங்கச்சி. அந்த நாளை ஏழு கிழமை நீண்டது. நேரே தாராபுரத்துக்குப் போனேன். முருங்கனில் நிற்கிறார் என்றார்கள். முருங்கனுக்கு பஸ் ஏறினேன். இப்போதுதான் தாராபுரம் போகிறார் என்றார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் எழுதுவேன். வீட்டுத்திட்டக் கந்தோருக்கு இரண்டு பக்கம் எழுதினேன். மேற்படி மேசன் ஆற்று மணலுக்குப் பதிலாகக் கடல் மண்ணைக் கலந்து கட்டியுள்ளார் என்று எழுதினேன். சந்தேகப்படுவதாக எழுதவில்லை, கட்டியுள்ளார் என்றே எழுதினேன். ஏனென்றால் அவருடைய ஆட்கள் எங்கள் கடற்கரையில் உழவு இயந்திரப் பெட்டிக்கு மண் அள்ளியதை என் கண்ணால் பார்த்திருந்தேன்.

கந்தோரிலிருந்து தொழில்நுட்ப அலுவலர் ஒருவர் வந்தார். மோட்டார் சைக்கிள் திறப்பால் சுவரைத் தட்டிப் பார்த்தார். சுரண்டிவிட்டு மேலால் ஒரு பூச்சுப் பூசி, நல்ல பெயின்ற் அடித்தால் போதும் என்று சொல்லி, வேலை திருப்தி என்று எழுதிய தாளை நீட்டினார். படித்த பிள்ளை, விளங்கிக்கொள்ளுங்கோ என்றும் சொன்னார். படித்தபடியால்தான் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றேன். அம்மா பின்னால் நின்று என் சட்டையைப் பிடித்து இழுத்தா. நான் வைக்கவில்லை. அந்த மனிதர் விசாரணை முடியும்வரை சனூனுக்குப் புதிய வீட்டு வேலை எதுவும் கொடுப்பதில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த சனிக்கிழமை சனூன் வந்து நின்றார். கையில் ஒரு கருவியும் இல்லை. சேட்டுப் பையில் என் கடிதத்தின் போட்டோக் கொப்பி நான்காய் மடித்து இருந்தது.

"கடல் மண் எண்டு எழுதியிருக்கிறீங்கள், தங்கச்சி."

"ஓம். எழுதினனான்."

"களவெடுத்தன் எண்டு எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு நோகாது."

கடற்கரையில் அள்ளியது நில மட்டத்தை உயர்த்த அடியில் கொட்டின மண் என்றும், அதற்கு மேலே கலவைக்குப் போன ஒவ்வொரு தாச்சிச்சட்டி மணலும் அருவியாற்று மணல் என்றும் சொன்னார். சொல்வதை யாரும் சொல்லலாம் என்றேன். அவர் கோபிக்கவில்லை. ஒரு வெள்ளைக் கோப்பையில் தண்ணீர் கேட்டார். சுவரின் ஒரு துண்டை உடைத்துப் பொடியாக்கி, கோப்பையில் போட்டுக் கலக்கி, கலங்கல் நீரை ஊற்றி, திரும்பக் கலக்கி, திரும்ப ஊற்றி, கடைசியில் அடியில் தங்கிய மணலை என் கையில் கொட்டினார். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மஞ்சள் மணல். கூரான மூலைகள். எங்கள் கடற்கரை மணலை ஒரு பிடி அள்ளினால் பாதி சிப்பித் துகளாய்த்தான் இருக்கும். இதில் ஒன்றுகூட இல்லை. நான் அதைக் கையிலிருந்து தட்டிவிட மறந்து நின்றேன்.

"அப்ப உப்பு எங்காலை வந்தது?" என்று கேட்டேன். கொஞ்சம் குறைந்த குரலில்தான்.

"அதைத்தான் பாக்க வந்தனான்."

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் எந்தப் பரிசோதனைக்கூடத்திலும் பார்த்ததில்லை. ஒரு நாலங்குல ஆணியை எடுத்தார். சுவரின் கிழக்கு மூலையில், நிலத்தோடு ஒட்டின முதல் வரிக் கல்லுக்கும் இரண்டாம் வரிக் கல்லுக்கும் நடுவில் பூச்சைத் துளைத்து, கலவையைச் சுரண்டி, அந்தத் துகளை நாக்கு நுனியில் வைத்தார். கண்ணை மூடினார். துப்பினார். குடிக்கிற தண்ணீரால் வாய் கொப்பளித்தார். காதில் செருகியிருந்த பென்சிலால் அந்த இடத்தில் வட்டம் ஒன்று போட்டார். பிறகு இரண்டு அடி தள்ளி அடுத்தது. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தா. நாக்குக் கெட்டுவிடும், வேலை முடியட்டும் என்று மறுத்துவிட்டார்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா வலையை விட்டுவிட்டு எழும்பி வந்து பார்த்துக்கொண்டு நின்றார். நான்கு வரிவரைக்கும் வட்டங்கள்தான். ஐந்தாம் வரியில் சனூனின் முகம் சுருங்கியது. வட்டத்துக்குப் பதிலாய் முதல் புள்ளடி, ஒரு பெருக்கல் குறி, விழுந்தது. அதற்கு அடுத்ததும் புள்ளடி. கதிரை போட்டு ஏறினார். ஆறு, ஏழு, எட்டு, எல்லாம் புள்ளடி. ஜன்னலுக்கு மேலே கொங்கிரீற்றில் ஆணி இறங்காமல், வெடிப்பிலிருந்து உதிர்ந்த பொடியை எடுத்து வைத்து உடனே துப்பினார். அதற்கு மேலே கூரையோடு முடியும் இரண்டு வரியில் திரும்பவும் வட்டம். மேற்கே திரும்பும் சுவரில் மூலையை ஒட்டிப் புள்ளடி, இரண்டு முழம் தள்ளி வட்டம். ஒன்றரை மணித்தியாலத்தில் எங்கள் சுவர் முழுக்கப் பென்சில் குறி. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். புள்ளடிகள் எல்லாம் சேர்ந்து சுவரின் நடுவில் ஒரு பட்டையாய் ஓடின. மேலும் கீழும் சுத்தம்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதையே ஆய்வுகூடத்தில் செய்ய எனக்கு அறுபது போத்தலும் ஒரு கிழமையும் வேண்டும். அதற்கும் யாராவது கையெழுத்து வைத்தால்தான் உள்ளே விடுவார்கள். இந்த மனிதர் ஒரு நாக்கோடு வந்து நின்று சுவருக்கு எக்ஸ்ரே எடுத்துவிட்டார்.

அவர் அதோடு நிறுத்தவில்லை. பட்டைக்குள் விரலை ஓடவிட்டு, இதுவரைக்கும் ஒரு நாள் வேலை, இதிலே கலவை காய்ந்தபிறகு அடுத்த நாள் தொடங்கியிருக்கிறார்கள், இது இரண்டாம் நாள், கொங்கிரீற் மூன்றாம் நாள் என்று பிரித்துக் காட்டினார். மூன்று நாள். மாசி மாதம், இரண்டாம் கிழமை. அந்த மூன்று நாள் மட்டும் உப்பு.

பிறகு கதிரையிலிருந்து இறங்கி, என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"அந்த மூண்டு நாளும் நான் இஞ்சை இல்லை, பஸ்ரியன் அண்ணை. முருங்கனிலை இன்னொரு வேலையை எடுத்துப்போட்டன். உங்களுக்குச் சொல்லேல்லை. ஒவ்வொரு காலமையும் பீப்பாத் தண்ணியை நக்கிப் பாத்துத்தான் கலவை போட விடுவன். அந்த மூண்டு நாளும் பாக்க ஆளில்லை."

எனக்குத்தான் விளங்க நேரமெடுத்தது. உப்பு மணலில் வரவில்லை, தண்ணீரில் வந்திருக்கிறது. வேலை தொடங்கும்போது எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம், தண்ணீர் வீட்டுக்காரர் பாடு என்பது. மாசியில் நான் யாழ்ப்பாணத்தில் நின்றேன். அப்பா கடலில். பீப்பாவை நிரப்பியது யார் என்று சனூன் கேட்கவேயில்லை. ஆறிப்போன தேத்தண்ணியோடு அம்மா கதவடியில் நின்றா.

"நான்தான்" என்றா.

எங்கள் வளவுக் கிணறு உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர், குளிக்க மட்டும். நல்ல தண்ணீருக்குக் கோயிலடிக் கிணற்றுக்குப் போகவேண்டும். அந்தக் கிழமை அந்தக் கிணறும் வற்றி, ஆட்கள் வாளியால் சுரண்டிக்கொண்டு நின்றார்களாம். தண்ணீர் பவுசர் லொறியும் வரவில்லையாம். அம்மா முதல் நாள் விடிய நாலு நடை நடந்து சுமந்து வந்து, பீப்பாவுக்கு ஊற்றப் போய், கை வராமல் நின்றிருக்கிறா. பிறகு அந்தத் தண்ணீரைக் குசினிக்குள் வைத்துவிட்டு, வளவுக் கிணற்றில் அள்ளி ஊற்றியிருக்கிறா. மூன்று நாளும் அப்படியே.

"குடிக்கிற தண்ணியைக் கொண்டுபோய்ச் சுவருக்கு ஊத்த மனம் வரேல்லை" என்றா. "சனம் அங்கை ஒரு செம்புக்கு நிக்குது. சுவர் என்ன, குடிச்சே பாக்கப்போகுது எண்டு நினைச்சன்."

நான் வாயைத் திறந்தேன். ஏழு கிழமைக் கோபம் அப்படியே சூட்டோடு இருந்தது, அதைக் கொட்ட ஒரு ஆளும் கிடைத்திருந்தது. ஆனால் முகாமில் ஒரு கான் தண்ணீருக்காக விடியப்புறம் முதல் மத்தியானம்வரை வெயிலில் நின்ற அம்மாவை நான் பார்த்தவள். அந்தத் தண்ணீரில் எனக்குத் தலை முழுக வார்த்துவிட்டு, தான் ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு படுத்ததையும் பார்த்தவள். அந்தக் கை சீமெந்துக்கு நல்ல தண்ணீர் ஊற்றாது. எந்தப் பட்டதாரி சொன்னாலும் ஊற்றாது. நான் வாயை மூடினேன். அது அடிக்கடி நடப்பதில்லை.

அந்த மத்தியானமே கந்தோருக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். கடல் மண் என்று நான் எழுதியது பிழை. உப்புத் தண்ணீர் கொடுத்தது வீட்டுக்காரர். அதைப் பரிசோதிக்காமல் மூன்று நாள் வேலைத்தலத்தில் இல்லாமல் போனது மேசன். சனூன் வாசித்துவிட்டு, "என்னையும் விடேல்லை நீங்கள்" என்றார். விடவில்லைத்தான் என்றேன். "சரி. நடந்ததுதானே" என்று திருப்பித் தந்தார். கல்லும் கம்பியும் கூலியும் தன் பாடு, தண்ணீர் எங்கள் பாடு என்று பேசி முடித்தோம்.

ஐந்தாம் வரியிலிருந்து மேலே எல்லாவற்றையும் எடுக்கவேண்டும். ஒக்டோபர் நடுப்பகுதி. ஓட்டைக் கழற்றிக் கூரையைப் பிரித்தால் மழைக்கு முன் திரும்ப வேய முடியாது. ஆகவே கூரை அப்படியே நிற்கட்டும், சுவரை மட்டும் கூரைக்கு அடியிலிருந்து எடுப்போம் என்றார் சனூன். கூரை எதில் நிற்கும் என்று கேட்டேன். முட்டில் என்றார். அவருக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

பனங்குற்றி ஆறு கொண்டுவந்து இறக்கினார். லொறிக்குச் சில்லு மாற்றுகிற ஜக்கு இரண்டு. சுவரிலிருந்து மூன்றடி உள்ளே, தட்டையான கல் வைத்து, கல்லுக்கு மேல் குற்றியை நிறுத்தி, எல்லாக் குற்றிகளுக்கும் மேலே குறுக்காக ஒரு மரம் போட்டு ஆணியறைந்து, கூரைச் சலாகைகளுக்கு அடியில் கொண்டுபோய் ஒட்டவைத்துக் கட்டினார். பிறகு அவருடைய ஆட்கள் இருவரும் குற்றியடியில் ஜக்கை வைத்துச் சுற்ற, அவர் கூரைக்குக் கீழே காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். கால் சுற்று. நிறுத்து. குற்றிக்கு அடியில் ஆப்பு. அடுத்த குற்றி. கால் சுற்று. வீடு முனகியது. ஓடுகளுக்கு நடுவிலிருந்து தூசி இறங்கியது. மத்தியானம் தாண்டி ஒரு நேரம், சுவரின் தலைக்கும் கூரைக்கும் இடையில் வெளிச்சம் ஒரு கோடாய்த் தெரிந்தது. கிழக்கிலிருந்து மேற்குவரை ஒரே கோடு. ஒரு கொப்பித் தாளைச் செருகி இழுத்துக் காட்டினார். தாள் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை எதிலும் முட்டாமல் ஓடியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓடுகளின் பாரம் எங்கள் சுவரை விட்டு எழும்பி நின்றது. அம்மா சிலுவை போட்டா.

அடுத்த இரண்டு நாளில் சுவரை மேலிருந்து வரிவரியாய்க் கழற்றினார்கள். கழற்றக் கழற்றக் கடல் வீட்டுக்குள் வந்தது. இரண்டாம் நாள் பின்னேரம் அறைக்குள் போய் நின்றேன். கட்டில் இருந்தது, அலுமாரி இருந்தது, திரு இருதயப் படம் இருந்தது. இடுப்பளவுச் சுவருக்கு மேலே வேறொன்றும் இல்லை. கடல், வானம், அதற்கு மேலே எங்கள் கூரை, எதையும் பிடிக்காமல் நின்றது. ஊர்ச் சனம் வந்து வந்து பார்த்தது.

அப்பா மட்டும் கூரையைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தார், பிறகு குற்றிகளைப் பார்த்தார், வெளியே போய்க் கூரையின் நுனியைப் பார்த்தார். அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனிதர்.

"மேசன், உது விழாது" என்றார். "பறக்கும்."

சனூன் விளங்காமல் பார்த்தார். பாரம் கீழே இறங்குவதற்குத்தான் அவர் எல்லாக் கணக்கும் பார்த்திருந்தார். காற்று அடியால் புகுந்து மேலே தூக்கும் என்று நினைக்கவில்லை. சுவர் நின்றவரை அதற்கு வழியில்லை, இப்போது ஒரு பக்கம் முழுவதும் திறந்துகிடக்கிறது, இது பாய் விரித்த வள்ளம் என்று அப்பா கையால் காட்டினார். பிறகு கடற்கரை வாடிக்குப் போய் வள்ளத்துக் கயிறு அத்தனையையும் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு நங்கூரமும் வந்தது. மண் நிரப்பிய சாக்குகளை ஆளளவு குழியில் தாட்டு, அவற்றிலிருந்து கயிறு எடுத்து, கூரை மரத்தில் சுற்றி, மறுபக்கம் நங்கூரத்துக்கு இறக்கினார். ஒரு கயிற்றை மட்டும் கட்டவில்லை. சாக்கிலிருந்து வந்த அதை நடுக் குற்றியில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைச் சும்மா விட்டார். சனூனின் ஆட்கள் சிரித்தார்கள். சனூன் சிரிக்கவில்லை. ஒவ்வொரு முடிச்சுக்கும் பக்கத்தில் போய்க் குந்தியிருந்து பார்த்தார்.

ஐந்தாம் நாள், பின்னேரம் நாலு மணி. புதிய சுவர் மூன்று வரி எழும்பியிருந்தது. தண்ணீர் முழுக்க நானும் அம்மாவும் கோயிலடியிலிருந்து சைக்கிளில் கட்டி இழுத்தது. வாடைக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. ஆனால் வடகிழக்கில் கடல் திடீரென்று கறுத்து, அந்தக் கறுப்பு எங்களை நோக்கி ஓடிவந்தது. அப்பா எல்லோரையும் சுவருக்கு அருகிலிருந்து விலகச் சொன்னார். நடுக் குற்றிக்குப் போய் அந்தக் கட்டாத கயிற்றின் நுனியைக் கையில் எடுத்தார். நானும் போய் அவருக்குப் பின்னால் பிடித்தேன். போ என்று அவர் சொல்லவில்லை.

காற்று மழையோடு அறைக்குள் முழுசாய் வந்தது. அலுமாரிக் கதவு திறந்து உடுப்புகள் பறந்தன. ஓடுகள் குளிரில் நடுங்கும் பற்கள்போல் அடித்துக்கொண்டன. பிறகு ஒரு பெரிய மூச்சு இழுத்ததுபோல் இருந்தது, கயிறுகள் எல்லாம் ஒன்றாய் இறுகின. நான் கீழே பார்த்தேன். குற்றிக்கும் அதன் கல்லுக்கும் நடுவில் ஆப்பு கழன்று விழுந்தது. குற்றி கல்லை விட்டு ஒரு விரல் உயரம் எழும்பியிருந்தது. அடியால் மழைத்தண்ணீர் ஓடியது. ஆறு குற்றியும் அப்படித்தான். எங்கள் கூரை எதிலும் நிற்கவில்லை. மிதந்தது.

சனூன் நிலத்தில் முழங்காலில் இருந்து அந்த இடைவெளியையே பார்த்தார். அவர் உதடு ஓதிக்கொண்டிருந்தது. எனக்கு ஓதவும் வரவில்லை, செபிக்கவும் வரவில்லை. பயம் என்று ஒன்று வந்ததாகவும் நினைவில்லை. அவ்வளவு பெரிய பாரம் அவ்வளவு இலகுவாய் நிற்பதை இனி ஒருமுறை பார்க்கமாட்டேன் என்று மட்டும் தெரிந்தது.

"விடு" என்றார் அப்பா. நான் ஒரு விரல் அளவு விட்டேன். கூரை அந்த அளவுக்கு ஏறியது. "பிடி." பிடித்தோம். காற்று மூச்சு விடும்போது கயிறு தளர்ந்தது, அந்தத் தளர்வை அவர் உடனே இழுத்துச் சுற்றினார். திரும்ப இறுகியது. விடு. பிடி. வேறு சொல்லே இல்லை. சண்டை பிடித்தால் கயிறு அறும், விட்டுவிட்டால் கூரை போகும் என்பதை என் உள்ளங்கைக்குத்தான் அவர் சொன்னார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இருபது நிமிடம் என்று அம்மா பிறகு சொன்னா.

காற்று விழுந்தது. கூரை இறங்கி ஆறு குற்றியிலும் ஒன்றன்பின் ஒன்றாய் உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தை மாதா கோயில் மணிக்கும் நான் மாற்றமாட்டேன். முப்பத்திரண்டு ஓடு போயிருந்தது. புதிய மூன்று வரியில் ஒரு கல்லும் அசையவில்லை. சனூன் எழும்பி, விழுந்த ஆப்புகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றாய்த் திரும்ப அடித்தார். அடித்து முடித்த ஆப்பையும் திரும்பவும் போய் அடித்தார்.

நவம்பர் நாலாம் திகதி சுவர் கூரையைத் தொட்டது. ஜக்கைத் தளர்த்திப் பாரத்தைச் சுவரில் இறக்கி, குற்றிகளை எடுத்தார்கள். எட்டாம் திகதி வாடை தொடங்கியது. அம்மாவும் அப்பாவும் அதே ஜன்னலுக்குக் கீழே படுத்தார்கள்.

குற்றி எடுத்த அன்றைக்கே அப்பா கயிறுகளை அவிழ்க்கப் போனார். கடலுக்குப் போக அவருக்கு அவை வேண்டும்.

"கிடக்கட்டும் அண்ணை" என்றார் சனூன். "இன்னும் ஒரு கிழமை கிடக்கட்டும்."

"சுவர் நிக்குதுதானே, மேசன்."

"சுவர் நிக்கும். அது எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, இறுகிக் கிடந்த கயிறு ஒன்றைக் கையால் தட்டிப் பார்த்தார். "நான் நித்திரை கொள்ளவேணும்."